ஒரு லென்ஸுக்கு எத்தனை நாள் கொழுந்து? – பதுளைத் தோட்டங்களில் பாவித்த கமராவும் நமது ஆவணமும்

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் அது ஏறக்குறைய 360 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. கெனன் நிறுவனத்தின் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று 50 மி.மீ எஃப் 1.8 எஸ்டிஎம். 2015இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 125 டொலர். வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் விட்டுவிட்டு இந்த 125 டொலரை மட்டும் கணக்கிட்டால், மார்ச் மாதத்தில் அந்த லென்ஸுக்கு 25 நாள் கொழுந்து எடுத்தால் போதும். மே மாதத்தில் 45 நாள் எடுக்க வேண்டும். கண்ணாடி மாறவில்லை, இரண்டு மாதத்தில் அதன் விலைதான் மாறியது.

அதன் பிறகு சம்பளமும் மாறியது. 2024இல் சம்பள நிர்ணயச் சபை ஊடாக அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கி, வருகைக்காக அரசாங்கம் மேலும் 200 ரூபா கொடுக்கும் என அறிவிக்கப்பட்டது. ஆனால் 2022இன் நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. டொலரும் பழைய 200 ரூபாவுக்குத் திரும்பவில்லை. ஆகவே பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் படமெடுத்துப் பிழைக்க நினைக்கும் ஒரு இளைஞனுக்குப் புதிய லென்ஸ் என்பது பெரும்பாலும் கடைக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் பொருள். அவனுக்கு எட்டுவது பாவித்த லென்ஸ்தான்.

இதை ஒரு பொழுதுபோக்குப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. மலையகத்தின் படங்களை யார் எடுக்கிறார்கள், யாரிடம் அவை தங்குகின்றன என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

போன் இருக்கிறதே, லென்ஸ் எதற்கு?

நியாயமான கேள்வி. மண்மேட்டில் விழுந்த வெடிப்பைப் படமெடுத்து உடனே கிராம அலுவலருக்கு அனுப்புவதற்குப் போனை விடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் தோட்டத்தில் கமரா வைத்திருப்பவர் பிழைப்பது கல்யாணம், சடங்கு வீடு, கோயில் திருவிழாவை நம்பித்தான். இவற்றில் பாதி இரவில் நடக்கின்றன. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்து முற்றத்தில், தீப்பந்தமும் இரண்டு மின்குமிழும் தரும் வெளிச்சத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் ஆட்களைப் படமெடுக்க வேண்டும்.

கமராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ லென்ஸை நெருக்கமாக இழுத்தால் அதன் அப்பர்ச்சர் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒன்றில் முகம் தெரியும், மற்றதில் கலங்கிய நிழல்தான் மிஞ்சும். முகம் தெரியாத படத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அந்தக் காசு வராவிட்டால் அடுத்த வருடம் அந்தத் தோட்டத்தில் கமராக்காரர் இருக்க மாட்டார். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருப்பார்.

நமது படங்கள் யார் கையில்?

தேயிலைத் தோட்டத்துக்குப் புகைப்படம் புதிதல்ல. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். கூடையோடு நிற்கும் கொழுந்துப் பெண்ணின் உருவம் சிலோன் தேயிலையோடு உலகமெங்கும் போனது. அதற்கு முன்பே உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள உழைப்பாளர்களைப் படமெடுத்தார். 1879 ஜனவரியில் இறந்த அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் இங்கு எடுத்த படங்களில் எஞ்சியவை சிலவே. அவற்றின் தலைப்புகளில் 'இளம்பெண்', 'விவசாயிகள்' என்ற அளவில்தான் ஆட்கள் குறிக்கப்படுகிறார்கள். படமெடுத்தவரின் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

உள்ளூர்க் கமராக்காரரின் பதிவு இதற்கு நேர் எதிரானது. மணமகள் எந்த டிவிசன், மாமன் சீர் கொண்டுவந்தது யார், தீ மிதித்தவர் யாருடைய மகன் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அவரது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஒரு தோட்டத்தின் பெயர்ப் பதிவேடு.

அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். காலைவேளையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அனர்த்தத்துக்குப் பின் காணாமல்போனவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் தொடங்கி நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வந்தது. யார் யார் அங்கே வாழ்ந்தார்கள் என்பதையே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீடு போனால் அல்பமும் போகிறது. அந்த வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்ததற்கான சாட்சியும் அதோடு போகிறது.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியிருக்கும் படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது, சிறுநகர ஸ்டூடியோவில் எடுத்தது. எடுத்தவருக்கு அது அன்றைய கூலி. இன்று ஒரு தாயிடம் எஞ்சியிருப்பது அது மட்டுமே.

இரண்டு நிலங்களுக்கும் இரத்த உறவும் உண்டு. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. 2009இல் அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார்கள். அவர்களது அல்பத்தின் இன்னொரு பிரதி பதுளையில் ஒரு சித்தி வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கக்கூடும். மலையகக் கமராக்காரரின் பிழைப்பு மலையகத்துக்கு மட்டும் உரிய விடயமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சந்தையில் ஒரு வாய்ப்பு

பாவித்த லென்ஸ் வாங்க இது நல்ல காலம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018இல் கெனன் 'ஆர்எஃப்', நிக்கோன் 'இசட்' என்ற புதிய பொருத்து முறைகளோடு மிரர்லெஸ் கமராக்களுக்கு மாறின. 2020க்குப் பிறகு இரண்டுமே புதிய டிஎஸ்எல்ஆர் கமராவை வெளியிடவில்லை. புதியதற்கு மாறும் நகரத்துக் கமராக்காரர்கள் பழைய லென்ஸ்களை விற்கிறார்கள். அவை கெட்டுப்போனவை அல்ல, பாஷன் போனவை. 1987 முதல் வந்த கெனன் இஎஃப் லென்ஸ் எதுவும் அந்த நிறுவனத்தின் இஎஃப் டிஎஸ்எல்ஆர் எல்லாவற்றிலும் பொருந்தும். பிறகொரு நாள் மிரர்லெஸ் வாங்கினாலும் ஒரு அடப்டர் போட்டு அதே லென்ஸைப் பாவிக்கலாம்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. விற்பவர் கொழும்பில், வாங்குபவர் பதுளையில். புகையிரதப் பாதையில் இது ஏறக்குறைய 290 கிலோமீற்றர். டித்வா அந்தப் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. ஒரு லென்ஸைப் பார்க்கப் போய்வர இரண்டு நாள் வேலையும் பஸ் காசும் போகும். அதனால் பலர் இணைய விளம்பரத்தில் படத்தை மட்டும் பார்த்து, வங்கியில் பணத்தைப் போட்டு, கூரியரில் பொருளை எடுக்கிறார்கள். ஏமாற்றத்துக்கு வழி திறப்பது அங்கேதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது பூஞ்சணம். ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் பனிமூட்டமும். ஈரப்பதன் நீண்ட நாள் உயர்ந்து நின்றால் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். போன் டோர்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். நாளடைவில் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், கழுவினாலும் தழும்பு நிற்கும். புகை படிந்தது போன்ற மங்கலும் கூடாது. உள்ளே சில தூசுத் துகள்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை படத்தில் தெரிவதில்லை.

இரண்டாவது கீறல். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் விலையைக் குறைத்துக் கேட்கப் போதும். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தை அதிகம் கெடுப்பது அதுதான்.

மூன்றாவது திருகாணி. தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏன் என்று கேட்க வேண்டும்.

நான்காவது பொருத்தம். உங்கள் சொந்தக் கமராவைக் கொண்டுபோங்கள். நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் போக்கஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை அவற்றில் போட்டால் கையால்தான் போக்கஸ் செய்ய வேண்டும். அது தெரியாமல் வாங்கிவிட்டு லென்ஸ் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஐந்தாவது நேர்த்தி. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று படமெடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. பெரும்பாலும் எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். பிறகு அப்பர்ச்சரை மூடி இன்னும் சில படங்கள் எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும்.

கூரியரில்தான் வாங்க வேண்டுமென்றால், டோர்ச் அடித்த வீடியோவையும் சுவர்ப் படத்தின் மூலப் பிரதியையும் பணம் போடுவதற்கு முன் கேளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பியோ மச்சானோ இருந்தால் அவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பொருள் வைத்திருப்பவர் இதற்கு மறுக்க மாட்டார்.

வாங்கிய பின் லயத்து அறையில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தோல் பையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறினால் அதை எடுத்து மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். அடுப்புப் புகை படாத இடம் நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கடைக்காரரிடம் வாங்கிய பொருள் பற்றி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு அவசியம். அதில் லென்ஸின் பெயரும் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும். ஆனால் விளம்பரம் போட்டு விற்கும் தனி ஆள் 'வியாபாரி' அல்ல. அவரிடம் வாங்கினால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. அப்படியான கொடுக்கல் வாங்கலிலும் ஒரு தாளில் தொடர் இலக்கம், விலை, திகதி எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது. திருட்டுப் பொருள் என்று பின்னால் ஒரு பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான். தொடர் இலக்கம் சுரண்டப்பட்ட லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தனி ஆளின் சாமர்த்தியம் போதாது

இவ்வளவு கவனமும் ஒரு தனி இளைஞன் தன் ஒரு மாத வருமானத்தைக் காக்க எடுப்பது. அதோடு நின்றுவிட்டால் அது பாதித் தீர்வுதான். தோட்டங்களில் சீட்டுப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஐந்து கமராக்காரர் சேர்ந்து சீட்டுப் பிடித்து, ஆளுக்கொரு வகையாக லென்ஸ் வாங்கி, முறை வைத்துப் பாவித்தால் ஒருவர் தனியே ஐந்தையும் வாங்கத் தேவையில்லை. லென்ஸ் அலமாரியில் தூங்குவதை விட ஐந்து கை மாறுவது பூஞ்சணத்துக்கும் நல்ல மருந்து.

2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை வழங்க வழி இருக்கிறது. பிரதேச சபை நூலகம் ஒன்றில் இரண்டு லென்ஸும் ஒரு ஸ்கேனரும் வைப்பதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. லென்ஸை இரவல் எடுப்பவர், தான் எடுத்த ஊர்ப் படங்களில், உரியவர்கள் சம்மதித்தவற்றை மட்டும், பெயர், இடம், திகதியோடு நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கட்டும். பழைய அல்பங்களையும் அங்கேயே பிரதி எடுக்கலாம். மண்சரிவு அபாய வலயம் என்று அடையாளமிடப்பட்ட தோட்டங்களில் இதை முதலில் தொடங்க வேண்டும். அங்கே அல்பத்தைப் பிரதி எடுக்க நமக்கு இருக்கும் அவகாசம் அடுத்த ஒக்டோபர் மழை வரைக்கும்தான்.