நெட்டி முறித்தால் தரித்திரமாம்!



விரலைச் சொடக்குப் போட்டால் குடும்பம் விளங்காது என்றும், வயதான காலத்தில் வாதம் வந்து கை முடங்கும் என்றும் நம் நாட்டில் வெகுகாலமாய்ச் சொல்லப்பட்டு வருகிறது. இது மெய்தானா என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

சமீபத்தில் உவரிக்குப் போயிருந்தோம். சுயம்புலிங்க சுவாமி கோவிலும் அந்தோணியார் கோவிலும் ஆக இரண்டு பிரபல கோவில்கள் உள்ள கடற்கரை ஊர். நாம் தங்கிய வீட்டில் ஒரு பெண், நாளெல்லாம் பனையோலைப் பெட்டி முடைந்த களைப்பில் விரல்களை நெட்டி முறித்தாள். உடனே பாட்டியம்மாள், "ஏட்டி, சொடக்குப் போடாத! வீடு வெளங்காது" என்று சீறினார். அதே அம்மாள் சற்று நேரத்தில், மூன்று நாளாய்க் காய்ச்சலில் கிடந்த பேரனின் கன்னத்தை வழித்து, தம் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சடசடவென்று முறித்து, "எத்தன கண்ணு பட்டிருக்கு பாரு!" என்றார். அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளையையும் கொண்டு வந்தாள். இம்முறை சத்தமே வரவில்லை. "இதுக்குக் கண்ணே இல்ல" என்று தீர்ப்பாகிவிட்டது.

நாம் கேட்கிறோம்: பேத்தி முறித்தால் தரித்திரம், பாட்டி முறித்தால் திருஷ்டி பரிகாரமா? ஒரே சத்தத்துக்கு இரண்டு பலனா?

சங்கதி இதுதான். மூட்டுக்குள் வழுவழுப்பான நீர் இருக்கிறது; அதில் வாயு கரைந்திருக்கிறது. விரலை இழுக்கும்போதோ மடக்கும்போதோ உள்ளே அழுத்தம் குறைந்து, சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் வாயுக் குமிழி உண்டாகிறது. 2015ல் கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார், விரல் சொடுக்கும்போதே காந்தப் படம் எடுத்து இதைக் கண்டார்கள். குமிழி உண்டாகையில் சத்தமா, சுருங்குகையில் சத்தமா என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. வாதமெல்லாம் குமிழியைப் பற்றியேயன்றிக் கண்ணேறைப் பற்றியல்ல. ஒருமுறை சொடுக்கிய விரல் மறுபடி சொடுக்கச் சுமார் 20 நிமிஷமாகும். இரண்டாவது பிள்ளைக்குச் 'கண் இல்லாத' மர்மம் இவ்வளவுதான்! நம்பாதவர்கள் தம் விரலிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

வாதம் வருமா? அமெரிக்காவில் டொனால்ட் உங்கர் என்ற டாக்டரையும் அவருடைய தாயாரும் அத்தைமார்களும் மாமியாரும் இப்படியே பயமுறுத்தினார்கள். அவர் இடதுகை விரல்களை மட்டும் தினம் இரண்டு முறையாவது முறித்து, வலதுகையைச் சும்மா விட்டார். 50 வருஷம் கழித்து 1998ல், இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லையென்று எழுதினார். ஒரு மனிதர் சாட்சி போதாது என்பீர்கள், நியாயமே. 2011ல் வெளியான ஆராய்ச்சியில் 215 பேருடைய கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முறிக்கிறவர்களில் 100க்கு 18 பேருக்கும், முறிக்காதவர்களில் 100க்கு 21 பேருக்கும் மூட்டுத்தேய்வு இருந்தது. முறிப்பதால் அதிகமென்று ஏற்படவில்லை. 1990ல் 300 பேரைப் பார்த்த ஆராய்ச்சியும் வாதம் அதிகமில்லை என்றே சொன்னது. ஆனால் முறிக்கிறவர்களுக்குக் கைவீக்கமும் பிடிபலக் குறைவும் காணப்பட்டதாகவும் சொன்னது. அதையும் நாம் மறைக்கவில்லை.

அன்றியும், விரல் வேறு, கழுத்து வேறு. சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி விடுவதால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அதற்குப் பயப்படுகிறவர்களைக் காணோம்; காசு கொடுத்துக் கழுத்தை நீட்டுகிறோம்! மூட்டு வீங்கினாலும், வலித்தாலும், காலையில் விரல் மடங்க மறுத்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதையோ நேர்ச்சைக்கும் மந்திரத்துக்கும் விட்டுவிடுகிறோம்.

அந்தக் காய்ச்சல்காரப் பையனை, நாம் வெகுநேரம் வாதாடிய பிறகே, மறுநாள் காலை திசையன்விளைக்குப் பஸ் ஏற்றினார்கள். மூன்று நாள் வீணாய்ப் போயிற்று. பாட்டியம்மாளுக்கு அன்பு குறைவென்று யார் சொல்ல முடியும்? அந்த அன்பையல்லவா இந்த மூடநம்பிக்கை ஏமாற்றுகிறது! பிள்ளையின் கன்னத்தை வழித்து ஆயிரம் நெட்டி முறியுங்கள், தாய்மார்களே. ஆனால் காய்ச்சல் கண்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.