வாடகைக் கவசமா, வீட்டுக் கவசமா?

 

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் ஆடைதான் முழுசும். ஆள் கணக்கிலேயே இல்லை! இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்த வருஷப் போட்டியில் இரண்டு ரோபோ வந்தது. ஒன்று விழுப்புரத்தில் 600 ரூபாய் வாடகைக்கு எடுத்து வந்தது. இன்னொன்று நான். என் ரோபோவுக்கு ஆன செலவு 110 ரூபாய். முதல் பரிசு வாடகை ரோபோவுக்கு. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. பரிசு வாங்கினவன் என் வகுப்புத் தோழன்தான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் தூரத்தில் இருந்து பார்க்க அவன் டிரஸ்தான் பளபளன்னு நல்லா இருந்துச்சு. என் கோபம் வேறு.

பக்கத்துத் தெருவில் ஐந்தாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் இருக்கிறான். அவனும் ரோபோ ஆகணும்னு ஒரு மாசமா ஆசைப்பட்டான். "வாடகைக்குக் காசு இல்லடா"ன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. அவன் பேரே கொடுக்கல. விழா அன்னிக்கு முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். வேஷம் போடுவதற்குக் காசு வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான் சொல்லிக் கொடுத்தோம்.

என் கவசம் பிறந்த கதை

'எந்திரன்' படம் 2010-ல் வந்தது. அப்போ நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் டிவியில் எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பேன். உலோக உடம்போடு நிற்கிற சிட்டியைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. அப்பா போனில் ஒரு படத்தை நிறுத்தி வைத்து, ஸ்கேலால் அளந்தேன். படத்தில் தலை 2 செ.மீ., தோள் அகலம் 4.5 செ.மீ. என் தலை உயரம் 20 செ.மீ. அப்போ தோள் எவ்வளவு? கணக்குப் பாடத்தில் வருகிற விகிதம்தான். 45 செ.மீ. வந்தது. ஆனால் என் தோள் 34 செ.மீ.தான்! படத்தில் இருக்கிற மாதிரியே 45-க்கு வெட்டினேன். போட்டுப் பார்த்தால் தண்ணிக் குடத்துக்குள் பூனை மாட்டின மாதிரி இருந்தது.

அட்டை, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. அட்டைக்குள் வரி வரியா ஓடும் பாருங்க, அந்த வரி நிற்கிற பக்கமாக வளைத்தால் அழகா வளையும். குறுக்கே வளைத்தால் மடிஞ்சு உடையும். இது தெரியாமல் இரண்டு மார்புத் தகடு வீணாப் போச்சு. மைதா பசை காய்ச்சி, பழைய நியூஸ் பேப்பரை நாலு அடுக்கு ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட் அடித்தேன். பார்க்க இரும்பு மாதிரியே வந்துச்சு.

ஆனால் போட்டதும் மானம் போச்சு. கையைத் தூக்கினால் மார்புத் தகடு தாடையில் இடிக்கிறது. உட்கார்ந்தால் வயிற்றுத் தகடு குத்துகிறது. தலைக்கூட்டுக்குள் மூச்சு விட்டால் கண்ணுக்கு வைத்த பிளாஸ்டிக் பேப்பரில் ஆவி படிஞ்சு ஒன்றும் தெரியல. திண்ணையில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

எங்க தாத்தா கூத்துக்காரர். பாரதக் கூத்தில் கர்ணனும் துரியோதனனும் கட்டினவர். இப்போ கை நடுக்கம், ஆடுவதில்லை.

"என்னா பாப்பா, நின்னுக்கினு அளவெடுத்தியா?"

"ஆமா தாத்தா."

"அப்போ நிக்கத்தான் முடியும். குந்தி ஒரு அளவு எடு, கையத் தூக்கி ஒரு அளவு எடு, குனிஞ்சு ஒரு அளவு எடு. நாலுலயும் இடிக்காத எடத்துலதான் வெட்டணும்."

அப்புறம் தோளையும் மார்பையும் ஒரே அட்டையாக நான் ஒட்டியிருந்ததை அறுக்கச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. "தனித்தனியா இருந்தாத்தான் கண்ணு அசையும். நடுவுல கயிறு போடு"ன்னார். தோளுக்கு அடியில் ஆயாவோட பழைய புடவையை மடித்து வைக்கச் சொன்னார். தோளை 45 இல்லாமல் 40 ஆக்கினேன், பக்கத்துக்கு 3 செ.மீ. மட்டும் வெளியே நிற்கிற மாதிரி. மூக்குக்கு நேரே அடியில் ஆறு ஓட்டை போட்டதும் ஆவி நின்னுச்சு. கடைசியில் பார்த்தால், படத்தில் இருக்கிற மாதிரி அப்படியே செஞ்சப்ப சிட்டி மாதிரி இல்லை. என் உடம்புக்கு ஏத்த மாதிரி மாற்றினப்பதான் சிட்டி மாதிரி இருந்துச்சு!

பெரிய பெரிய ஆளுங்களுக்கும் இதே கதைதான்

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவங்க சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. அதில் வருகிற வெள்ளைக் கவசப் படைவீரர்களுக்குப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, காற்றை உறிஞ்சிக் கவசம் செய்தார்கள். ஆனால் தலைக்கூட்டுக்குள் கண் சரியாகத் தெரியாது. ஒரு வீரர் உள்ளே வரும்போது கதவு மேலே தலையை 'டங்'னு இடிச்சுக்குவார். அது படத்திலேயே அப்படியே இருக்கு! அதே படத்தில் தங்க நிற ரோபோவாக நடித்த ஆந்தனி டேனியல்ஸ், அந்த உடையைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல், சாய்ந்து நின்றுதான் ஓய்வு எடுப்பாராம். என் வயிற்றுத் தகடு மாதிரியேதான்!

அந்தப் படைவீரர் கவசத்தைத் தாங்களே செய்து போட்டுக்கொள்கிற ரசிகர்கள் 1997-ல் அமெரிக்காவில் '501-வது லீஜியன்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆல்பின் ஜான்சன் என்பவர் தொடங்கினார். இப்போ பல நாடுகளில் இருக்கிறது. அதில் சேரணும்னா உடை படத்தில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பார்கள். அந்த உடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறார்கள். வேஷம் என்றால் பரிசு வாங்க மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது இதில்தான்.

நம்ம 'எந்திரன்' படத்துக்கும் ரோபோ பொம்மை உடல்களை அமெரிக்காவில் உள்ள லெகசி எஃபெக்ட்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. சாபு சிரில் அவர்கள் கலை இயக்குநர். அந்தப் படத்துக்குக் கலை அமைப்புக்கும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கும் தேசிய விருது கிடைத்தது. கவனியுங்கள், வேஷத்தைச் செய்தவர்களுக்கும் விருது உண்டு. நம் போட்டியில் போட்டவருக்கு மட்டும்தான்!

கட்டை தெரியுமா உங்களுக்கு?

அமெரிக்கா வரைக்கும் போயிட்டோம். நம் ஊர்த் திண்ணைக்கு வருவோம்.

செஞ்சி மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் எவ்வளவு பழைய புகழ் உள்ளது என்று எல்லாருக்கும் தெரியும். அம்மன் திருவிழா என்றால் பாரதம் படிப்பார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். அதில் ராஜா வேஷக்காரர் போடுகிற கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டையில் செய்தது. கல்யாண முருங்கை மரம் எடை குறைவு, அதனால் அதில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டுவார்கள். தீப்பந்த வெளிச்சமோ லைட் வெளிச்சமோ பட்டால் மின்னும். விடிய விடிய கிறுகிறுன்னு சுத்தி ஆடினாலும் கழன்று விழாது. ஏன்னா ஒவ்வொரு கட்டையும் தனி, ஒவ்வொரு கயிறும் தனி. அந்தக் கட்டையால்தான் 'கட்டைக்கூத்து' என்றே ஒரு பெயர்.

தாத்தா ஒரு விஷயம் சொன்னார். கட்டையைத் தானே கட்டிக்க முடியாதாம். முதுகுப் பக்கம் முடிச்சு வரும், அதனால் இன்னொருத்தர் கட்டி விடணும். போட்டி அன்னிக்கு எனக்கும் தாத்தாதான் கட்டி விட்டார். நடுங்குகிற கைதான். ஆனால் முடிச்சுப் போடும்போது மட்டும் நடுக்கமே இல்லை. கட்டி முடித்துவிட்டு, "கர்ணனுக்குத்தான் பொறக்கும்போதே கவசம். நமக்கெல்லாம் யாராவது கட்டி வுட்டாத்தான்" என்றார். தாத்தாவின் கட்டைப் பெட்டி பரண் மேல் இருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இப்போ தாத்தா ஒருத்தர்தான். அவருக்குப் பிறகு?

எதிர்த்துச் சொல்பவர்களுக்கு என் பதில்

"படிக்கிற நேரத்தில் அட்டை வெட்டினால் மார்க் வருமா?" என்பார்கள். விகிதம், செ.மீ. அளவு, வளைவு, ஆவி குளிர்ந்து நீராவது எல்லாம் நான் இந்த அட்டையில்தான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். புத்தகத்தில் படித்தது பரீட்சை முடிந்ததும் மறந்து போச்சு.

"வாடகை டிரஸ்தான் அழகு" என்பார்கள். அழகுதான். ஆனால் அது பெரிய ஆள் அளவு. என் தோழன் கால் பக்கம் மூணு மடிப்பு மடிச்சு ஊக்கு குத்தியிருந்தான். மேடைப் படி ஏற இரண்டு பேர் தூக்கி விட்டார்கள். தலைக்கூடு சுத்திக்கிட்டுப் போனதில் பாதி நேரம் அவன் பின்பக்கம்தான் பேசினான்! மறுநாள் காலையில் அந்த டிரஸ் கடைக்குப் போயிடுச்சு. என்னுடையது இன்னும் வீட்டில் இருக்கிறது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரோபோ வேஷம், ராதை வேஷம் போடேன்" என்று சொன்னவர்களும் உண்டு. ரோபோ என்ன ஆம்பளையா? அது இயந்திரம். கூத்தில் ஆண்கள் திரௌபதியாக ராத்திரி முழுக்க ஆடும்போது யாரும் கேட்கவில்லை. நான் சிட்டி ஆனால் மட்டும் கேட்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-ல் தொடங்கி 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது. அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ராஜா வேஷம் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களால் முடியும் என்றால் நம்மாலும் முடியும்.

"உனக்கு உன் தாத்தா உதவி செஞ்சாரே, அது மட்டும் நியாயமா?" என்று என் தோழனே கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். எல்லாருக்கும் கூத்துக்காரத் தாத்தா இல்லைதான். அதனால்தான் கீழே இரண்டாவது கோரிக்கையை எழுதியிருக்கிறேன்.

நம் மலை சொல்கிற பாடம்

நம் ஊர்க் குகைக் கோயிலுக்கு எத்தனை தடவை விளையாடப் போயிருப்போம்? மகேந்திரவர்மப் பல்லவர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாக அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். என்ன இல்லை என்று பட்டியல் போட்டுப் பெருமைப்பட்ட ராஜா அவர்! இருந்தது ஒரு பாறை. அது போதும் என்றார். நம்மிடம் ஃபிரிட்ஜ் அட்டை இருக்கிறது, மைதா மாவு இருக்கிறது. போதாதா?

என் பணிவான கோரிக்கைகள்

1. அடுத்த ஆண்டு மாறுவேடப் போட்டியில் 'கையால் செய்த வேஷம்' என்று தனிப் பரிசு வைக்க வேண்டும். செலவு 150 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாடகை டிரஸ் போடுகிறவர்களைத் தடுக்க வேண்டாம், அவர்களுக்குத் தனிப் பரிசு.

2. போட்டிக்கு முன் இரண்டு சனிக்கிழமை கூத்துக் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து, அளவெடுப்பது, கட்டை கட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தர வேண்டும். எங்க தாத்தா வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். டீ மட்டும் போதுமாம்.

3. மேடையில் நின்றால் மட்டும் மார்க் போடக் கூடாது. கையைத் தூக்க வேண்டும், உட்கார வேண்டும், படி ஏற வேண்டும். அதற்கும் மார்க்.

4. எந்த வேஷத்தையும் ஆண், பெண் யாரும் போடலாம்.

தலைமை ஆசிரியர் அவர்கள் இதைப் படித்து நல்ல முடிவு சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. என் ரோபோ கவசத்தை அந்த ஐந்தாம் வகுப்புத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போட்டு விட்டேன். அவனுக்குப் பெருசா இருந்துச்சு. அழப் போறான்னு நினைத்தேன். அவன் அழல. "அக்கா, கத்தரிக்கோல் குடு"ன்னு கேட்டான். இப்போ எங்க திண்ணையில் தாத்தா அவனைக் குந்த வைத்தும் கையைத் தூக்க வைத்தும் அளவெடுத்துக் கொண்டிருக்கிறார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மண்டகப்பட்டு.