அரசலாற்றங்கரையில் ஓர் ஓட்டம்: சிறிதாகவே இருக்கட்டும்

காரைக்காலில் மாரத்தான் ஓட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்ற பேச்சு நமது உறுப்பினர்களிடையே சில மாதங்களாக அடிபட்டு வருகிறது. பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சியினர், நடத்தினால் பெரிதாக நடத்த வேண்டும், பாரதியார் சாலையில் வளைவு போட வேண்டும், சினிமா நட்சத்திரம் ஒருவர் வந்து கொடியசைக்க வேண்டும், லட்ச ரூபாய் பரிசு அறிவிக்க வேண்டும், கம்பெனிப் பெயர் அச்சிட்ட பனியன் ஐயாயிரம் விநியோகிக்க வேண்டும் என்கிறார்கள். மற்றொரு கட்சியினர், கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவனுக்கு ஓட்டம் எதற்கு, வசூல் நோட்டு அச்சடிக்க இது இன்னொரு சாக்கு என்கிறார்கள்.

இரு தரப்பையும் கேட்டபின் நமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஓட்டம் நடக்கட்டும். ஆனால் கடைத்தெருவில் வேண்டாம், அரசலாற்றங்கரையில் நடக்கட்டும். இருநூறு பேருக்கு மேல் வேண்டாம். பரிசு வேண்டாம். கடைகளில் ஒரு பைசா வசூலும் வேண்டாம்.

முதலில் சரக்கின் பெயரைச் சரிபார்த்துக் கொள்வது நல்லது. ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு அதை மாரத்தான் என்று சொல்வது இப்போது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு எதிரில் முடியும்படி வைத்த தூரம் அது. 1921-இல் உலகத் தடகள அமைப்பு அதையே நிலையான அளவாக்கியது. தொள்ளாயிரம் கிராமைக் கட்டிக் கொடுத்துக் கிலோ என்று சொன்னால் எடையளவு அதிகாரி நம்மைச் சும்மா விடுவாரா? எனவே ஐந்து கிலோமீட்டரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்றும், 21 கிலோமீட்டரை அரை மாரத்தான் என்றும் நோட்டீசில் அச்சிட வேண்டும்.

இதில் நம் தொழிலுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. மாரத்தான் பாதையை அளப்பதற்குச் சைக்கிள் சக்கரத்தில் ஒரு கணக்கிடும் கருவியைப் பொருத்தி, முன்பே சரியாக அளந்து வைத்த ஒரு தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்து, அதன் பிறகே பாதையை அளக்கிறார்கள். நம் தராசுக்கு முத்திரை வைப்பது போலத்தான். பிறகு, தூரம் எவ்விதத்திலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டி அளக்கிறார்கள். முழு மாரத்தானில் இது 42 மீட்டர் வருகிறது. அளவில் குறைந்தால் செல்லாது, கூடினால் பாதகமில்லை என்ற நியாயம் கொசுறு கொடுத்துப் பழகிய நமக்குப் புதிதல்ல.

பரிசும் பந்தலும் இல்லாமல் ஆற்றங்கரையில் ஓட யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு நம் காவிரியின் மேல்பகுதியிலிருந்தே பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தின் அருகில், பாசனக் கால்வாய் ஓரமாகச் செல்லும் மண்பாதையில் காவிரி டிரெயில் மாரத்தான் என்ற ஓட்டம் 2007-இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியது பெங்களூரைச் சேர்ந்த ஓட்டக்காரர்களின் அமைப்பு. ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர், மறு பக்கம் வயல். போன வழியே திரும்பி வர வேண்டும், முழுத் தூரம் ஓடுகிறவர்கள் அதையே மறுபடியும் ஓட வேண்டும். நகரச் சாலைகளை மறித்து மேளதாளத்துடன் நடக்கும் ஓட்டங்களுக்கு நேர் எதிரான காரியம் இது. அதற்கென்றே வண்டி பிடித்து வந்து ஓடுகிறார்கள்.

அந்த 2007-ஆம் ஆண்டை நாம் வேறொரு கணக்கில் நினைவு வைத்திருக்கிறோம். அவ்வாண்டு பிப்ரவரி 5-ஆம் தேதிதான் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. தண்ணீர் என்று எழுதியது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்த ஏழில் கை வைக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு வரும் அதே ஆற்றின் கிளைதான் கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு அரசலாறாக வந்து நம் ஊரில் கடலில் கலக்கிறது. தலைப்பில் இருப்பவர்கள் ஆற்றோரமாக ஓடி அதன் அருமையைக் கொண்டாடும்போது, கடைமடையில் இருக்கும் நாம் ஒருநாள் கரையில் நடந்து பார்ப்பதற்கு என்ன தடை?

இன்னும் பக்கத்தில், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மாரத்தான் நடக்கிறது. காட்டுக்குள் செல்லும் செம்மண் பாதையில் ஓட்டம். அதில் முதல், இரண்டாம் இடம் கிடையாது, பரிசும் கிடையாது. ஓடுவதில் உள்ள மகிழ்ச்சிக்காக மட்டும் ஓடுங்கள் என்கிறார்கள். அதற்கும் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரிய ஓட்டம் ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், முதல் காரணம் வியாபாரம்தான். ஓட்டம் வைக்க ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. ஞாயிறு நமக்கு வாரச்சந்தை நாள். பாரதியார் சாலையையும் திருநள்ளாறு சாலையையும் காலை பத்து மணி வரை மறித்தால், சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டி எங்கே நிற்கும்? அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கும் தரைக்கடைக்காரருக்கு ஒரு காலைப் பொழுது போனால் அந்த வாரத்தின் லாபமே போய்விடும். ஐயாயிரம் பேர் ஊருக்குள் வருவார்கள், வியாபாரம் பெருகும் என்று சொல்கிறார்கள். விடியற்காலையில் ஓடி, பனியனைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, எட்டு மணிக்குப் பஸ் ஏறுகிறவர் நம்மிடம் வேட்டியா வாங்கப் போகிறார்? சனிக்கிழமை தோறும் திருநள்ளாற்றுக்கு வரும் பக்தர் கூட்டத்தில் எத்தனை பேர் நம் கடைத்தெருவை எட்டிப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது காரணம் நன்கொடை. வசூல் நோட்டு ஒரு முறை கடைப்படி ஏறிவிட்டால் அடுத்த ஆண்டு அது உரிமையாகிவிடுகிறது. பெரிய கடைக்காரர் பத்தாயிரம் எழுதிவிடுவார், அதைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர் ஐந்நூறாவது எழுத வேண்டியிருக்கும். மாங்கனித் திருவிழாவுக்குக் கொடுப்பது வேறு. காரைக்கால் அம்மையார் வணிகர் வீட்டில் பிறந்து வணிகர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், அது நம் வீட்டு விழா. ஓட்டத்துக்கு அந்த முறையைக் கொண்டுவரக் கூடாது.

சரி, வியாபாரமும் பெருகாது, பரிசும் இல்லை, பிறகு சங்கம் ஏன் இதில் இறங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் உடம்புக்காகவும் நம் ஆற்றுக்காகவும் என்பதே பதில்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட சர்க்கரை நோய் ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளிவந்தன. நாடு முழுவதற்கும் 11.4 சதவீதம் என்றால், நம் புதுச்சேரிக்கு 26.3 சதவீதம். கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம், மயிரிழையில் நாம் இரண்டாமிடம். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நாலில் ஒருவர் என்று கொள்ளலாம். காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுக்கும் வரை கல்லாவை விட்டு எழுந்திருக்காத நம்மவர்களை மட்டும் தனியாக எண்ணினால் அந்தக் கணக்கு குறையவா போகிறது? மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் கல்லாவிலேயே. இடையில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை.

ஓட்டத்தின் பயன் ஓடும் அந்த ஒரு காலையில் இல்லை. பிப்ரவரியில் பத்து கிலோமீட்டர் போவதற்குப் பெயர் கொடுத்தவர், நவம்பர் முதல் வாரத்துக்கு மூன்று நாளாவது விடியற்காலையில் எழுந்து நடந்தாக வேண்டும். அந்த மூன்று மாதம்தான் உண்மையான வரவு. அதனால்தான் நடப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஓட்டமும் நடையுமாக 10 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடிப்பவரும் முழு ஓட்டக்காரரே. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே பெயர் கொடுக்க வேண்டும். இதில் தாட்சண்யம் கூடாது.

அடுத்தது ஆறு. கடற்கரைச் சாலை அரசலாற்றை ஒட்டியே சுமார் 2 கிலோமீட்டர் சென்று கடலைத் தொடுகிறது. இப்படி ஆறும் கடலும் சேரும் இடம் வரை நடந்தே போகும் வசதி எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கிறது? மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்கள், கரைச்சரிவைப் பார்ப்பதில்லை. சரிவில் கிடப்பவை டீக் குவளை, பாலித்தீன் பை, தெர்மாகோல் துண்டு, ஜவுளிக்கடை உறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தடைக்குப் பின்னும் கரையில் கிடக்கும் குப்பையில் பெரும்பங்கு கடைத்தெருவிலிருந்து போவதுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால் வயலில் நெல், நெல் விளைந்தால் விவசாயி கையில் பணம், அந்தப் பணம்தான் தை மாதத்தில் நம் கல்லாவுக்கு வருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று குரல் கொடுக்கும்போது, வந்த தண்ணீரை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். இருநூறு பேர் ஓட வேண்டிய பாதை என்றால் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஓட்டத்துக்கு முந்திய இரண்டு ஞாயிறுகளில் நம் உறுப்பினர்களே சாக்குடன் இறங்கினால் போதும்.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகை மழையில் கரை சேறாகிவிடும், சித்திரைக்குப் பின் வெயில் கொளுத்தும். தை பிற்பகுதியோ மாசி முற்பகுதியோதான் சரி. பொங்கல் வியாபாரமும் முடிந்திருக்கும். ஆனால் அப்போது உள்ளூர்ச் சாலைகளில் நெல் காய்ந்துகொண்டிருக்கும் என்பதால், கரைப்பாதையை விட்டு ஊர்ச்சாலைக்குள் நுழையக் கூடாது. கடற்கரைச் சாலையிலேயே போய்வந்தால் 10 கிலோமீட்டருக்கு இரண்டரை முறை, அரை மாரத்தானுக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல். முழு மாரத்தான் என்றால் பத்து முறைக்கு மேல், செக்குமாட்டு வேலைதான். முதல் ஆண்டில் அதை விட்டுவிடலாம். முகத்துவாரத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் ஐஸ் வண்டியும் மீன் வண்டியும் போய்வரும். மீனவப் பஞ்சாயத்தார்களைக் கலக்காமல் நாளும் நேரமும் குறிக்கக் கூடாது. தெருநாய்களுக்கு ஒரு வழி பார்க்க வேண்டும், அவற்றுக்கும் ஓடுகிறவர்களைக் கண்டால் உற்சாகம் வந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நிறையக் குடித்தால் நல்லது என்று நம்மவர்கள் எண்ணுவார்கள். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்ததே முக்கியக் காரணம். ஆகவே தாகத்துக்குத் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், கடலை மிட்டாய். இவற்றில் எதையும் வெளியூரில் கொள்முதல் செய்ய வேண்டியதில்லை. வெப்பத்தால் யாராவது மயங்கி உடல் கொதித்தால் உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதுதான் முதல் சிகிச்சை. மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் ஐசுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பெரிய தொட்டியும், ஓர் ஆம்புலன்சும், அரசு பொது மருத்துவமனைக்கு முன்தகவலும் இருந்தாக வேண்டும். இவை இல்லாவிட்டால் ஓட்டமே வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். இருநூறு பேர், ஆளுக்கு 300 ரூபாய் என்றால் வரவு 60,000. பழம், மோர், மிட்டாய், ஆம்புலன்ஸ், தொட்டி வாடகை, நோட்டீஸ் ஆகியவற்றை அதற்குள் முடிக்கலாம். வளைவு, பனியன், மேடை, பொன்னாடை என்று ஆரம்பித்தால் முடிக்க முடியாது, பிறகு ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். மிச்சம் ஏதும் இருந்தால் கரையில் குப்பைத் தொட்டி வைக்கலாம். வரவு செலவை இவ்விதழிலேயே பைசா வரை வெளியிட வேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத்தில் அனுப்பினால் அவற்றையும் வெளியிடுவோம். பேப்பர் கப் கூட வேண்டாம் என்று எண்ணியிருப்பதால், அன்று காலை மட்டும் நானூறு எவர்சில்வர் தம்ளர் இரவலாகத் தர விருப்பமுள்ள பாத்திரக்கடை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் நல்லது. தம்ளர்கள் எண்ணித் திருப்பித் தரப்படும்.