வராத பதிலை வந்ததாகச் சொன்னவர்களுக்கு

இணைய இணைப்புக்காக உங்களுக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். கேட்டது ஒன்றுதான்: என் கணினி கேட்பதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, வரும் பதிலை அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். அந்தப் பதிலிலேயே கை வைத்துவிட்டீர்களே!

வேலைக்கு வேண்டிய ஒரு மென்பொருள். இறங்கும், ஆனால் இன்ஸ்டால் ஆகாது. கோப்பு சிதைந்திருக்கிறது என்று பிழை வரும். அழித்துவிட்டு மறுபடி இறக்கினாலும் அதேதான். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், “உங்க சிஸ்டத்துல வைரஸ் சார், ஃபார்மட் பண்ணிப் பாருங்க” என்றார்கள். என் பிழைப்பே அந்தக் கணினியில் இருக்கிறது. அதைத் துடைத்துப் போடச் சொல்ல எப்படி மனம் வந்தது?

இறங்கிய கோப்பை நோட்பேடில் திறந்தேன். பல நூறு எம்.பி. இருக்க வேண்டியது, சில கே.பி.தான் இருந்தது. உள்ளே உங்கள் விளம்பரப் பக்கம்!

கோப்பை இறக்கும் இன்ஸ்டாலரிடம், அது கிடைக்கும் பல சர்வர்களின் பெயர்கள் இருக்கும். முதல் சர்வரை மூடி அதன் பெயரையும் நீக்கியிருந்தால், அப்படியொரு பெயரே கிடையாது என்று, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சொல்ல வேண்டும். அதற்கென்றே 1987-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1035 என்ற இணைய விதி ஆவணத்தில் 3 என்ற பதில் எண் இருக்கிறது. அதைக் கேட்டதும் இன்ஸ்டாலர் அடுத்த சர்வருக்குப் போயிருக்கும். நீங்களோ அந்தப் பதிலை வழியிலேயே மறித்து, உங்கள் விளம்பர சர்வரின் முகவரியைக் கொடுத்தீர்கள். சாதாரண எச்டிடிபியில் இறக்கும் பழைய இன்ஸ்டாலர் அது. நம்பிப் போனது, கிடைத்த பக்கத்தையே மென்பொருளென்று சேமித்தது, ஹாஷ் பொருந்தாமல் நின்றுபோனது. பழி என் கணினி மேல்.

முகவரியைத் தப்பாக அடிப்பவர்களுக்கு உதவுகிறோம் என்கிறீர்கள். இணையம் என்றால் பிரவுசர் மட்டும்தானா? வேண்டாமென்றால் விலகிக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஒரு லிங்க் வைத்திருக்கிறீர்கள். அது பிரவுசரில் ஒரு குக்கியைப் போடுகிறது, அவ்வளவுதான். இன்ஸ்டாலருக்கு அதனால் என்ன பயன்?

தெரியாமல் செய்தீர்கள் என்றும் சொல்ல முடியாது. 2003 செப்டம்பரில் டாட் காம், டாட் நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், அவற்றில் பதிவாகாத பெயர்கள் அத்தனைக்கும் இதையே செய்தது. எதிர்ப்பு வெடித்து, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் கண்டித்த பிறகு, அக்டோபர் 4 அன்று நிறுத்தியது. இப்படித் திருப்பிவிடும் பக்கங்களில் உள்ள ஓட்டையால் பிறர் தளங்களின் பெயரிலேயே போலிப் பக்கம் காட்ட முடியும் என்று 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி செய்தே காட்டினார். அதற்குப் பிறகும் எங்களை இதில் தள்ளினீர்களே!

உங்கள் டிஎன்எஸ்ஸை விட்டு, 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு மாற்றினேன். போர்ட் 53 வழியாக அங்கே போகும் டிஎன்எஸ் கேள்வியையும் மறித்தீர்கள். கடைசியில் எச்டிடிபிஎஸ்ஸுக்குள் டிஎன்எஸ்ஸை மறைத்து அனுப்பித்தான் தப்பித்தேன். காசு கொடுத்து வாங்கிய இணைப்பில், அதை விற்றவருக்கே தெரியாமல் பேச வேண்டிய நிலை!

டிஎன்எஸ் என்ற பெயரையே கேட்டிராதவர்கள் என்ன செய்வார்கள்? வைரஸ் என்று நம்பி, கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், படங்களையும் கணக்குகளையும் இழந்து நிற்பார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது? எங்களைக் கேட்காமலே இந்தத் திருப்பிவிடலை எல்லோருக்கும் போட்டீர்கள். ஒவ்வொருவராக வந்து கெஞ்சினால்தான் எடுப்பீர்களா? இன்றே எடுங்கள்.