பெற்றோருடன் நாகசாகியில்

பிள்ளைகள் ஜப்பானில் பணிபுரிய, பெற்றோர் சில வாரங்கள் அங்குச் சென்று தங்கி வருவது இந்நாளில் நம் பங்குக் குடும்பங்களுக்கும் புதிதன்று. வந்தவர்களுக்கு டோக்கியோவின் மாடமாளிகைகளையும் கியோத்தோவின் பௌத்த மடங்களையும் காட்டி அனுப்பிவிடுகின்றனர். பெற்றோர் மனத்திலோ வாய்விட்டுக் கேளாத ஒரு கேள்வி உண்டு: கோவிலும் குருவும் அருகில் இல்லாத இடத்தில் பேரப்பிள்ளைகள் விசுவாசத்தை எவ்விதம் காப்பார்கள்? இக்கேள்வியுடன் வருவோரை நாகசாகிக்கே அழைத்துச் செல்லவேண்டும்.

மேடும் பள்ளமுமான ஊர் அது. ஆயினும் டிராம் வண்டிகள் ஓடுகின்றன. மூத்தோர் அதிகம் நடக்கவேண்டியதில்லை. ரயில் நிலையத்திற்கு அருகிலேயே நிஷிஸாகா குன்று. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் இருபத்தாறு மறைசாட்சிகள் சிலுவையில் அறையப்பட்ட இடம். அவர்களுள் ஒருவரான புனித கொன்சாலோ கார்சியா நம் நாட்டு வசாயில் பிறந்தவர் என்பது நம்மவருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து ஓவுரா ஆலயம். ஏறும் படிகள் பல; முழங்கால் வலியுள்ளவர்களை நிதானமாக அழைத்துச் செல்க. 1614-இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1644-க்குப்பின் நாட்டில் ஒரு குருவும் எஞ்சவில்லை. குடும்பங்களே வேதத்தைக் காத்தன. ஊரில் ஒருவர் திருநாட்களைக் கணக்கிட்டுக் கூறினார். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்களித்தார். செபங்களைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகக் கற்பித்தனர். ஆண்டுதோறும் அதிகாரிகள் முன் திருவுருவத்தை மிதிக்கவேண்டியிருந்தது. மிதித்தவர்கள் வீடு திரும்பி உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். அவர்களைக் குறைகூற நாம் யார்?

1865 மார்ச் 17-ஆம் நாள், புதிதாய்க் கட்டப்பட்ட இவ்வாலயத்திற்கு உராகாமி சிற்றூரார் சிலர் வந்தனர். அங்கிருந்த குரு பெத்தித்ஜான் சுவாமி, நம் புதுவை மறைமாவட்டத்தில் உழைத்த அதே பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று ஒரு பெண்மணி மெல்லச் சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். அது துக்க காலத்தின் பதினேழாம் நாள் என்றும் அவர்கள் கூறினர். கணக்கிட்டுப் பாருங்கள்: அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச் 1-ஆம் நாள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவில்லாத மக்கள் தவக்காலத்தில் ஒரு நாளும் பிசகவில்லை! அவர்கள் கண்ட மாதா சுரூபம் இன்றும் அங்குள்ளது.

இதன்பின் அவர்கள் துன்பம் தீர்ந்ததென எண்ணவேண்டாம். உராகாமியினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு முழுவதும் சிதறடிக்கப்பட்டனர். 1873-இல் தடை நீங்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிருடன் இல்லை. திரும்பியவர்கள் எழுப்பிய பேராலயத்திற்கு ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் தூரத்தில்தான் 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அணுகுண்டு வெடித்தது. மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக அப்போது உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது.

கோபுர மணிகள் இரண்டில் ஒன்று முழுதாகக் கிடைத்தது. அவ்வாண்டு கிறிஸ்மஸ் இரவில் இடிபாடுகளுக்கு நடுவே அதை ஒலித்தனர். ஆலயம் 1959-இல் மீண்டும் எழுந்தது. உடைந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் அளித்த புது மணி 2025 ஆகஸ்ட் 9-ஆம் நாள், குண்டு வெடித்த 11 மணி 2 நிமிடத்திற்கு, பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. இங்கு வரும்போது பேரப்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தாத்தாவும் பாட்டியும் பதில் சொல்லட்டும்.