கருவிலே ஜாதகம்!

பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பிறவாத குழந்தைக்கு, வெறுங்கண்ணுக்கு எட்டாத கருவாகக் கண்ணாடித் தட்டிலே கிடக்கும்போதே, ஜாதகம் கணித்துத் தருகிறோம் என்று கடை விரித்திருக்கிறார்கள் அமெரிக்காவிலே! கடைக்காரர் பஞ்சாங்கம் புரட்டும் சோதிடரல்ல. விஞ்ஞானக் கருவிகளைக் கையிலே வைத்துள்ள கம்பெனிகள். மருத்துவ உதவியால் கருத்தரிக்க வரும் தம்பதிகளிடம், "இந்தக் கருவுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு அதிகம், அந்தக் கருவுக்குக் குறைவு" என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறார்கள். எந்தக் கரு பிறக்கலாம், எது பிறக்க வேண்டாம் என்று முடிவு செய்ய அந்த மதிப்பெண் துணையாம்!

எங்கோ அமெரிக்காவிலே, பணம் படைத்தவர் செய்துகொள்ளும் சோதனை. ஆலைத் தொழிலாளிக்கு அதனால் என்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், சொல்கிறோம். பிறப்பைப் பார்த்து மனிதனுக்கு விலை போடும் ஏற்பாடு எங்கே தொடங்கினாலும், கடைசியிலே அது வந்து நிற்பது ஏழையின் வாசலில்தான். "அந்த வீட்டிலே மூத்தவனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லையாம், பெண் எடுக்காதே" என்ற பேச்சு நம் தெருவிலே கேட்காத பேச்சா? அண்ணனின் நோய்க்காகத் தங்கையின் கழுத்து வெறுங்கழுத்தாக நிற்பதைப் பார்த்ததில்லையா? நேற்று கர்மவினை என்றார்கள். இன்று மரபணு என்கிறார்கள். சொல் மாறிற்று, தீர்ப்பு மாறிற்றா? விஞ்ஞானம் உண்மையிலே அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதா? அதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

உப்பு சொன்ன உண்மை

மனச்சிதைவு நோய் கண்டவர் காதிலே, யாரும் பேசாதபோதே குரல் கேட்கிறது. பெற்ற தாயே சோற்றிலே நஞ்சு வைக்கிறாள் என்று நம்பி நடுங்குகிறார். உலகிலே இரண்டு கோடிப் பேருக்கு மேல் இந்நோயால் வாடுகிறார்கள். இதற்கு உறவான இன்னொரு நோய், களிவெறியும் கடுஞ்சோர்வும் மாறி மாறி வந்து ஆளை அலைக்கழிக்கும் இருதுருவ நோய்.

பேய் என்றனர், பில்லி என்றனர், முன்பிறவிப் பாவம் என்றனர். ஆனால் 1949ஆம் ஆண்டிலே ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் — ஜப்பானியரின் போர்க்கைதியாக மூன்றாண்டுக்கு மேல் வாடி மீண்டவர் — லித்தியம் என்னும் உப்பு களிவெறியைத் தணிப்பதைக் கண்டார். 1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும், குளோர்புரோமசின் என்ற மருந்தால் மனச்சிதைவு நோயாளிகளின் கொந்தளிப்பு அடங்குவதைக் காட்டினர். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத் தீராத நோய், ரத்தத்தைச் சோதித்து அளவறிந்து கொடுத்த ஓர் உப்பிலே தணிகிறது என்றால், நோயின் இருப்பிடம் உடல்தான் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ!

உடலின் நோய் என்றதும் அடுத்த கேள்வி பிறக்கிறது: பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறதா? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதை முதலில் உரக்கக் கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள் என்று பார்த்தால், வரலாற்றின் ஏட்டிலே ரத்தக்கறை தெரிகிறது.

மூடிவைத்த ஏடு

ஜெர்மனியின் மூனிச் நகரிலே எர்ன்ஸ்ட் ரூடின் என்றொரு மனநோய் மருத்துவர். 1905இலேயே "இன சுகாதாரம்" பேசும் சங்கத்தை அமைத்தவர்களிலே ஒருவர். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சி தேடப் புறப்பட்டவர்! 1916இல் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். எளிய பரம்பரைக் கணக்கு அதிலே ஒத்துவரவில்லை. 1922 முதல் 1925 வரை இருதுருவ நோய் கண்டவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். அதிலும் அவர் எதிர்பார்த்த கணக்கு வரவில்லை. கொள்கையைத் திருத்திக்கொண்டாரா? இல்லை! அந்த ஆராய்ச்சியை அச்சுக்கே அனுப்பவில்லை. அந்தக் கையெழுத்துப் படியை ஆராய்ந்து உலகுக்குச் சொல்ல 2015ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அதற்குள் என்னென்ன நடந்துவிட்டது! 1933 ஜூலை 14இல் இட்லர் ஆட்சி ஒரு சட்டம் இயற்றிற்று. மனச்சிதைவு, இருதுருவ நோய், வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு — இவை உள்ளோர்க்குப் பலவந்தமாக மலட்டு அறுவை செய்யலாம் என்றது சட்டம். அதற்கு அதிகாரபூர்வ உரை எழுதியவர்களிலே ஒருவர் யார்? அதே ரூடின்! ஏறத்தாழ 4 லட்சம் பேர் அந்தக் கத்திக்கு ஆளாயினர். "இந்த நோயாளி ஒருவனுக்கு வாழ்நாளில் 60,000 மார்க் செலவு, தோழனே, அது உன் பணம்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். உழைப்பவனின் பெயரைச் சொல்லியே உழைப்பவன் வீட்டுப் பிள்ளையை ஒழிக்கத் துணிந்த கொடுமையைக் கவனியுங்கள்! கத்தியோடும் நிற்கவில்லை. 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை, ஆறு கொலைக்கூடங்களிலே 70,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை நச்சுப்புகையிட்டுக் கொன்றார்கள். கொன்றவர்களோடு ஒத்துழைத்தவர்கள் டாக்டர்கள். உடுத்தியிருந்தது வெள்ளை அங்கி.

நோய் ஒழிந்ததா? இதைத்தான் ஒவ்வொருவரும் கேட்கவேண்டும். ஃபுல்லர் டோரி, ராபர்ட் யோல்கன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2010இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: மனச்சிதைவு நோயாளிகளிலே மட்டும் குறைந்தது 2,20,000 பேர் மலடாக்கப்பட்டோ கொல்லப்பட்டோ போயினர். போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்த நோயாளிகளின் தொகை குறைவுதான். கொன்று குவித்த பின் குறையாமல் என்ன செய்யும்! ஆனால் புதிதாக நோய் காண்போரின் தொகை குறையவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது. காரணம் உண்டு. இந்நோய் கண்டவர்களிலே பெரும்பாலோரின் தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்ததே இல்லை. வேரென்று எண்ணி அவர்கள் வெட்டியது, மனிதர்களைத்தான்.

பசி எழுதிய கணக்கு

அதே நாஜிகள் அறியாமலே இன்னொரு சாட்சியத்தையும் விட்டுச் சென்றார்கள். 1944 செப்டம்பரிலே ஆலந்து நாட்டு இரயில்வே தொழிலாளர்கள் ஆக்கிரமிப்புப் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். பழிவாங்க, அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லும் வழியை அடைத்தனர் ஜெர்மானியர். அந்தக் குளிர்காலத்திலே நகரத்தார்க்குக் கிடைத்த உணவு, நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கிற்று. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

மாண்டவர்களோடு கணக்கு முடியவில்லை. பஞ்சம் உச்சத்திலிருந்தபோது கருவான குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகு, அவர்களிலே மனச்சிதைவு நோய் கண்டவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று எஸ்ரா சசரும் அவரது குழுவினரும் 1990களிலே கண்டறிந்தனர். பஞ்சத்தின்போது வயிற்றிலிருந்தவர்களிலே கடும் மனச்சோர்வு நோய்களும் மிகுதி என்று 2000இல் தெரிந்தது. சீனாவிலே 1959 முதல் 1961 வரை நடந்த பெரும் பஞ்சத்திற்குப் பின், வூஹு வட்டாரத்தில் பிறந்தோரை ஆராய்ந்தபோதும் அதே இரண்டு மடங்குக் கணக்கே வந்தது, 2005இல் வெளியாயிற்று.

ஆலந்துத் தாய்க்கு ஓர் இனம். சீனத் தாய்க்கு வேறோர் இனம். பசி ஒன்றுதான்! கருவிலிருந்த குழந்தை பெற்றோரின் ரத்தத்தை மட்டுமா வாங்கிக்கொண்டது? தாயின் வெறும் வயிற்றையும் வாங்கிக்கொண்டது.

எள்ளளவும் எள்ளளவும்

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. மறைக்கவேண்டியதில்லை. நாம் ரூடின் அல்லவே, ஏட்டை மூடிவைக்க! பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், நூறு பிள்ளைகளிலே ஏறத்தாழ பத்துப் பேருக்கு வரக்கூடும். தொண்ணூறு பேருக்கு? வருவதில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான இணைகளிலேதான். மரபணு முழுதும் ஒன்றாக இருந்தும் ஒருவர் நோயாளி, மற்றவர் நலம்! பிறப்பே விதியானால் இது எப்படி நேரும்?

2022இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, 76,755 நோயாளிகளையும் நோயற்ற 2,43,649 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். மனித மரபிலே 287 இடங்கள் இந்நோயோடு தொடர்புடையவை என்று கண்டனர். இருதுருவ நோய்க்கு 298 இடங்கள் என்று 2025இல் வெளியாயிற்று. "பைத்தியத்தின் மரபணு" என்று ஒன்று அகப்படவே இல்லை. நூற்றுக்கணக்கான கூறுகள், ஒவ்வொன்றின் பங்கும் எள்ளளவு. அவற்றிலே சில உங்களிடமும் உண்டு; எம்மிடமும் உண்டு. "சுத்தமான குடும்பம்" என்று மீசை முறுக்குகிறாரே பெரியவர், அவரிடமும் உண்டு!

இந்த எள்ளளவுகளையெல்லாம் கூட்டித்தான் கருவுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையோ, ஆளுக்கு ஆள் உள்ள நோய் வாய்ப்பின் வேற்றுமையிலே நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூட விளக்கவில்லை. இந்தக் கணக்குகளும் பெரிதும் ஐரோப்பிய மரபினரை வைத்து எழுதியவை. அந்தக் குறையை நீக்கத்தான் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டு நோயாளிகளை ஆராய்ந்தன. உடல் நயாசின் என்ற வைட்டமினைக் கையாளும் முறையோடு நோய்க்குத் தொடர்பிருக்கலாம் என்ற துப்பு அதிலே கிடைத்து, 2019இல் வெளியாயிற்று. விஞ்ஞானி துப்பு என்று சொல்வதை, வியாபாரி தீர்ப்பு என்று விற்கிறான். இதிலேதான் மோசடி!

ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வேண்டும், இன்னும் வேண்டும்! 1952 முதல் வந்த மருந்துகளெல்லாம் மூளையின் டோபமின் என்ற ஒரே வாசலைத் தட்டியவை. வேறு வாசலைத் தட்டும் புதிய மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2024 செப்டம்பரில்தான். எழுபதாண்டுக் காத்திருப்பு! ஆராய்ச்சியின் பயன் நோயாளியின் கைக்கு மாத்திரையாக வரட்டும். அவன் தங்கையின் நெற்றியிலே முத்திரையாக விழவேண்டாம்.

நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6இல் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே ஒரு கொட்டகை பற்றியெரிந்தது. உள்ளே மனநோயாளிகள்; காலிலே சங்கிலி. ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டனர். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. காலிலிருந்த சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம். நம் பேச்சிலே இருக்கும் சங்கிலியை யார் அறுப்பது?

தோழர்களே! உங்கள் தெருவிலே காதில் குரல் கேட்பதாகச் சொல்லும் இளைஞன் இருந்தால், அரசு மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். மருந்தை நிறுத்திவிடாதபடி அவன் வீட்டாருக்குத் தைரியம் சொல்லுங்கள். "அந்தக் குடும்பத்திலே பெண் எடுக்காதே" என்று எவராவது சொன்னால், இரட்டையர் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். கருவுற்ற பெண்ணின் சோற்றுத் தட்டு நிறைகிறதா என்று பாருங்கள்; பசி எழுதும் கணக்கை மாற்ற வழியுண்டு. குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஒரு மனிதனை ஒதுக்குவதற்கு மட்டும், எந்த ஆராய்ச்சியும் நமக்கு அனுமதி தரவில்லை.