புக் போட எவ்வளவு ஆகும்?

போன மாதம் மந்தைவெளியிலிருந்து ஒருவர் போன் செய்தார். டெலிபோன்ஸில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு ரிடையர் ஆனவர். அவர் சொன்ன வார்த்தைதான், நான் சொல்லவில்லை. குரலில் ஒரு கூச்சம். வீட்டில் பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் போல, தணிந்த குரலில் கேட்டார்.

"சார், ஒரு புக் போடணும். எவ்வளவு ஆகும்?"

கேள்வியைக் கவனியுங்கள். யார் போடுவார்கள் என்று கேட்கவில்லை. நான் எழுதியது தேறுமா என்று கேட்கவில்லை. எவ்வளவு ஆகும்? கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர் மாதிரி கேட்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று இந்த ஊர் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறார் என்று விசாரித்தேன். மயிலாப்பூர் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நாட்கள். டெலிபோன் கனெக்‌ஷனுக்கு வருடக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்ட் இருந்த காலம். லைன் வந்த அன்றைக்குக் கற்பூரம் காட்டிய வீடுகள். நடுராத்திரி டிரங்க் கால் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று எடுப்பதற்கு முன்பே அழ ஆரம்பிக்கிற பாட்டிகள். கேட்கக் கேட்க எனக்கு நாக்கு ஊறியது. இப்படி ஒரு புத்தகம் தமிழில் வந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தி.நகரில் மூன்று பதிப்பகங்களுக்கு ஏறி இறங்கியிருக்கிறார். இரண்டு இடத்தில் பார்க்கவே இல்லை. மூன்றாவது இடத்தில் ஃபேன் போட்டு, காபி வரவழைத்து, ஃபைலை எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம்: "யார் சார் இதெல்லாம் படிக்கப் போறாங்க? ஆனா போட்டுடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தில் தமிழ்ப் பதிப்புலகின் ஒரு மூலை முழுசாகத் தெரிகிறது. யாரும் படிக்க மாட்டார்கள், ஆனால் போட்டுவிடலாம். படிப்பதற்கும் போடுவதற்கும் சம்பந்தமில்லை. 45,000 ரூபாய் பேக்கேஜ். 160 பக்கம், 300 பிரதி. அதில் 100 உங்களுக்கு. வெளியீட்டு விழா வேண்டுமானால் தனி ரேட். பொன்னாடை நீங்கள் கொண்டு வர வேண்டும்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தமிழில் பாதி அலமாரி காலியாகிவிடும். உ.வே.சாமிநாதையரை எடுத்துக் கொள்ளுங்கள். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி யார் போட்ட முதலில் வந்தது? எந்தப் பதிப்பாளரும் அல்ல. கும்பகோணம் காலேஜில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு தமிழ் வாத்தியார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் போய், புத்தகம் வந்தால் வாங்கிக் கொள்கிறேன் என்று கையெழுத்து வாங்கினார். முன்பணம் கொடுத்தவர்களும் உண்டு. அதை வைத்துத்தான் சென்னையில் திராவிட ரத்னாகரம் என்ற அச்சகத்தில் வேலை தொடங்கியது. லீவு விட்டால் ரயில் ஏறிச் சென்னைக்கு வருவார். ப்ரூஃப் பார்ப்பார். லீவு முடிந்தால் திரும்பிப் போவார். இன்றைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று புதுசு போலச் சொல்கிறோமே, அதை அவர் 140 வருடங்களுக்கு முன்பே கால் நடையாகச் செய்து முடித்துவிட்டார்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அதே 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியையும் தானே பதிப்பிக்கிறேன், கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. பெரிய படிப்பு, அனுபவம், பெயர் எல்லாம் இருந்தவர். ஐயருக்கோ அதுவரை இந்த அளவுக்கு ஒரு பதிப்பு வேலை செய்த அனுபவம் கிடையாது. கொடுத்திருந்தால் சுமை இறங்கியிருக்கும். கொடுக்கவில்லை. என் உழைப்பு, நானே பார்த்துக் கொள்கிறேன் என்று இருந்துவிட்டார். இன்றைக்கு பெசன்ட் நகரில் அவர் பெயரில் நூல்நிலையம் இருக்கிறது. அடையாறு பக்கம் போனால் ஒரு நடை எட்டிப் பாருங்கள். முதல் புத்தகம் போடப் போகிறவர்கள் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

பாரதியின் கதை வேறு மாதிரி. 1907-இல் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் எதிர்க்கட்சி, மிதவாதி. பாரதி பாடியதைக் கேட்டு மயங்கி, தன் செலவில் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். தமிழில் ஒரு கவிஞனுக்குக் கிடைத்த முதல் பெரிய சர்க்குலேஷன், எதிர் முகாம்காரர் தயவில். அதே பாரதி 1920-இல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு, 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி என்று கணக்குப் போட்டு, கடன் கொடுங்கள், வட்டியோடு தருகிறேன் என்று ஊரெல்லாம் கடிதம் எழுதினார். யாரும் அசையவில்லை. அடுத்த வருடம் போய்விட்டார். அந்த லெட்ஜரில் எந்தப் பக்கம் நஷ்டம் என்று பி.காம். படித்த எனக்கு இன்னும் தெரியவில்லை.

சி.சு.செல்லப்பா 'எழுத்து' பிரசுரப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கல்லூரி கல்லூரியாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றார். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலையும் தானே போட்டார். 1998-இல் அவர் இறந்தார். 2001-இல் அதற்கு சாகித்திய அகாதமி. வெளிநாட்டுக்காரர்தான் வேண்டும் என்றால் ப்ரூஸ்ட் இருக்கிறார். 1913-இல் தன் மகா நாவலின் முதல் பாகத்துக்குக் கைக்காசு கொடுத்துத்தான் பதிப்பாளரைப் பிடித்தார்.

அப்படியென்றால் மந்தைவெளிக்காரர் 45,000 கொடுத்தால் என்ன தப்பு?

தப்பு இங்கேதான். ஐயரும் செல்லப்பாவும் அச்சகத்துக்குக் காசு கொடுத்தார்கள். அச்சானது அவர்கள் புத்தகம். விற்றால் அவர்கள் காசு, விற்காவிட்டால் அவர்கள் பரண். நம்ம ஆள் பதிப்பாளருக்குக் காசு கொடுக்கிறார். அச்சாவது பதிப்பாளரின் புத்தகம். இவர் செலவு, அவர் சரக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு விலை 200 ரூபாய். அச்சுச் செலவு பிரதிக்கு 80 என்று தாராளமாகவே வைத்துக் கொள்ளுங்கள். 300 பிரதிக்கு 24,000. டைப் செட்டிங், அட்டைப் படம், பிழை திருத்தம் என்று ஒரு 10,000. மொத்தம் 34,000. வாங்கியது 45,000. ஒரு பிரதிகூட விற்பதற்கு முன் 11,000 லாபம். மிச்சம் 200 பிரதி கையில், விலையில்லாமல். கடைகளுக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்து விற்றாலும் பிரதிக்கு 120 வீதம் 24,000. எழுதியவருக்கு 100 பிரதி கிடைக்கிறது, அதாவது ஒரு பிரதி 450 ரூபாய். 200 ரூபாய் புத்தகத்தை 450 ரூபாய் கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் அதை எழுதியவர்தான். அந்த நூறையும் சம்பந்தி வீட்டுக்கும் ஃபேமிலி டாக்டருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுவார்.

இவ்வளவு விவரமாகப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நானே ஏமாந்தவன். 2008-இல் என் முதல் புத்தகம். பெயர் வேண்டாம், நல்ல புத்தகமும் இல்லை. தி.நகரில் ஒரு மாடிப்படி, மேலே ஒரு பதிப்பகம், 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். டெபிட், கிரெடிட் எல்லாம் காலேஜில் மூன்று வருடம் படித்தவன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. அட்டையில் என் பெயரைப் பார்த்த போதையில் சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். "லைப்ரரி ஆர்டர் வரலை சார், எல்லாம் ஸ்டாக்ல கெடக்கு" என்றார்கள். பாவம், என்னால் அவர்களுக்கு நஷ்டம் என்று ஒரு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வேறு வாங்கிக்கொண்டு போனேன். நாலு வருடம் கழித்து லஸ் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தபோது என் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப். வரிசை எண், தேதி எல்லாம் பளிச்சென்று. முப்பது ரூபாய் சொன்னான். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லைப்ரரி ஆர்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறது. 1948-ஆம் வருடச் சட்டம். அந்தப் பணத்தில் அரசாங்கம் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறது. சிறு பதிப்பகங்களுக்கு இதுதான் மூச்சு. தேர்வானால் ஒரே தலைப்பில் நூற்றுக்கணக்கான பிரதிகள் போகும். 2024-இல் இதற்கு விண்ணப்பிப்பதை இணையத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆக, உங்கள் புத்தகத்துக்கு ஆர்டர் வந்ததா என்பது ஒன்றும் ராணுவ ரகசியம் அல்ல. கேட்கலாம். எழுத்தில் கேட்கலாம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, நாம்தான் இல்லை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய் வார்த்தை செல்லாது. எத்தனை வருடம் என்று குறிக்கவில்லை என்றால் ஐந்தே வருடம். எந்த எல்லைக்குள் என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதிக் கொள்ளாத பட்சத்தில், அது காலாவதி. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையா? சந்தோஷம். உங்கள் புத்தகம் இன்னும் உங்களுடையது. உங்களுக்குப் பிறகு அறுபது வருடம் உங்கள் பிள்ளைகளுடையது.

ஐ.எஸ்.பி.என். எண் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும் என்று ஒரு பதிப்பாளர் சொன்னதாக இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். இந்தியாவில் அந்த எண் இலவசம். டெல்லியில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி கொடுக்கிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். வீட்டு கேஸ் கனெக்‌ஷன் வாங்கியவருக்கு இது கஷ்டமே இல்லை.

பதிப்பாளர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் பாதிக்கு செக் கொடுப்பார், பாதியைத் திருப்பி அனுப்புவார். ஒரு காலத்தில் முதல் பதிப்பு 1200 பிரதி என்பது வழக்கம். இன்றைக்கு 300-க்கே யோசிக்கிறார்கள். வருடம் பூராவும் சும்மா இருந்துவிட்டு, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பத்துப் பதினைந்து நாள் விற்பதை வைத்து வருடத்தை ஓட்ட வேண்டும். 1977-இல் அண்ணா சாலைப் பள்ளிக்கூட வளாகத்தில் சின்னதாக ஆரம்பித்த கண்காட்சி இன்று நூற்றுக்கணக்கான அரங்குகள். கூட்டத்தில் பாதி டெல்லி அப்பளம் சாப்பிட வருகிறது. ஒரு பைசா வாங்காமல் புத்தகம் போட்டு, வருடா வருடம் கணக்கு அனுப்பி, பத்து சதவீதம் ராயல்டி கொடுக்கிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கோபப்பட வேண்டியது என்மேல் அல்ல, மாடிப்படிக்காரர்கள்மேல்.

எழுதுகிறவர்களையும் விட முடியாது. பதிப்பகம் என்ன மாதிரிப் புத்தகம் போடுகிறது என்று ஒரு கேட்லாக்கைக்கூடப் புரட்டாமல், ஜோசியப் புத்தகம் போடுகிறவரிடம் கவிதையை நீட்டுவது. இரண்டு அத்தியாயமும் ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்ப வேண்டிய இடத்தில் 600 பக்கத்தை பைண்ட் பண்ணிக்கொண்டு போய் இறக்குவது. எடிட்டிங் என்றால் சந்திப்பிழை பார்ப்பது என்று நினைப்பது. 'இந்த இடம் இழுக்கிறது, வெட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் முறைப்பது. புத்தகத்துக்கு முன்பே அணிந்துரைக்கு நாலு பேரைப் பிடித்துவிடுவது. ராகசுதா ஹாலில் விழா, மேடையில் எட்டு நாற்காலி, கீழே பதினாறு பேர். அதில் ஐந்து பேர் பேச்சாளர்களை அழைத்து வந்த டிரைவர்கள். பேசுகிறவர்களில் புத்தகத்தைப் படித்தவர் ஒருவர் இருந்தால் அது நல்ல விழா. இந்த ஆசையைத்தான் அந்த 45,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும் வரை கடை இருக்கும்.

மந்தைவெளிக்காரரிடம் நான் சொன்னது இதுதான். காசு கொடுத்தே தீருவது என்றால் அச்சகத்துக்குக் கொடுங்கள். இப்போதெல்லாம் ஐம்பது, நூறு பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். ராயப்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பதிப்பாளர்தான் வேண்டும் என்றால் பணம் கேட்காதவராகப் பாருங்கள், ஆறு மாதம் காத்திருங்கள். எது செய்தாலும் அதற்கு முன், வேண்டாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நேற்று மறுபடி போன் வந்தது. அந்த மூன்றாவது பதிப்பகத்துக்கே போயிருக்கிறார். ஃபைலைக் கொடுக்காமல் நின்றுகொண்டே, "அக்ரிமென்ட் போடுவீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பரெல்லாம்?" என்று சிரித்தார்களாம். இவரும் சிரித்துவிட்டு, படியிறங்கி, பனகல் பார்க் வரை நடந்து வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தன் ஃபைலைத் தானே படித்திருக்கிறார். இரண்டு பஸ் போய்விட்டது.

"சார், யூனியன் ஸ்டிரைக் பத்தி எழுதினது ரொம்ப நீளமா இருக்கு. எனக்கே கொட்டாவி வருது. அதை எடுத்துட்டு, அந்தப் பாட்டி கதையை முன்னாடி கொண்டு வந்துடட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.